நான் அக்கி எழுதிய மூன்று நாட்கள்

நான்கு வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், கண்டெய்னர் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு யார்டில் நடந்தது. இன்றைக்கும் நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளில் அடிபட்டது, துரு ஏறியது எல்லாம் எங்களிடம் வரும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார்கள். அப்புறம் பெயிண்ட். பெயிண்ட் காய்ந்ததும், அழிந்துபோன நம்பரைத் திரும்ப எழுதுவது என் வேலை. நாலு இங்கிலீஷ் எழுத்து, ஏழு எண். நான் ஐந்தாவதோடு நின்றவன். அந்த எழுத்துகள் எனக்கு உருவமாகத்தான் தெரியும். ஆனால் கை தப்பாது.

எனக்கு இன்னொரு எழுத்தும் வரும். அக்கி எழுதுவது.

அக்கி எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடம்பில் ஒரு பக்கமாக, பட்டை போட்ட மாதிரி கொப்புளம் கிளம்பும். நெருப்பு வைத்தது போல எரியும். மண்பானை செய்கிற வீட்டு ஆள் காவிக்கல்லை உரைத்து அதன் மேல் எழுதினால் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. எங்கள் அப்பா எழுதினார். அவருக்குப் பிறகு நான். மூன்று நாள், காலையும் சாயங்காலமும். காசு வாங்கக் கூடாது. என்ன மதம் என்று கேட்கக் கூடாது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று எங்கிருந்தெல்லாமோ தேடி வருவார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யார்டில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. "யோவ் நம்பரு" என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கி வந்தால் மட்டும் அதே ஆட்கள் "அண்ணே" என்பார்கள். ஒரு தடவை மேனேஜரே சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். "மூணு நாள் குளிக்காதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார். வேறு எதற்கும் அவர் எனக்குச் சரி சொன்னதில்லை.

அந்த ருசி எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

என் சிநேகிதன் அங்கே வெல்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அப்போது அவனுக்கு ஐம்பத்து நாலு. ராயபுரத்தில் மாதா கோயில் பக்கத்துத் தெருவில் வீடு. பதினெட்டு வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் தகடு வைத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் ஒட்டு தெரியாது. அவன் முடித்த பெட்டியில் நம்பர் எழுதுவது எனக்குச் சந்தோஷம். தூரிகை எங்கேயும் தடுக்காது. வாய்தான் அவனுக்கு ஓயாது. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

அன்று திங்கள்கிழமை. காலை ஏழரை இருக்கும். பைக்கில் வந்தான். பின்னால் அவன் சம்சாரம். கையில் பை, பையில் தண்ணீர் பாட்டில். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்கள், லீவு சொல்லிவிட்டுப் போக யார்டுக்கு வந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"மாமு, இன்னான்னு பாரு. நேத்து மத்தியானத்துலேர்ந்து எரிஞ்சிகினு கீது. பொறி கிறி உள்ள வுழுந்துச்சான்னு பாத்தேன். காலைல பாத்தா பொங்கிகினு கீது."

வலது விலாவில் இருந்து முதுகுப் பக்கம் நாலு விரல் அகலத்துக்குச் சிவப்பு. அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளம், கொத்துக் கொத்தாக. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"அக்கி" என்றேன்.

அவன் சிரித்தான். "பாத்தியா? வைத்தியரு வூட்லயே கீறாரு, நாம ஆஸ்பத்திரிக்கு பெட்ரோல் போட்டுகினு போறோம்."

அவன் சம்சாரம் சிரிக்கவில்லை. மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற பெண். எதையும் நேராகப் பேசும்.

"அண்ணா, நீ எழுது. நா வாணான்னு சொல்லல. ஆனா மொதல்ல டாக்டராண்ட காட்டிகினு வந்துடறோம். எட்டு மணிக்குள்ள போனாத்தான் சீட்டு போடுவாங்க."

"டாக்டராண்ட போனா ஊசி போடுவாங்க" என்றேன். "ஊசி போட்டா அக்கி உள்ள அமுங்கிடும். அப்பால எழுதினாலும் இறங்காது."

"யார் சொன்னது?"

"எங்கப்பா சொன்னாரு."

"சரிண்ணா. ரெண்டும் இருக்கட்டுமே. அவங்க மாத்திர குடுத்தா முழுங்கட்டும். நீயும் எழுது. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கேக்கும்."

இதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். அந்தப் பெண் என்னை விலக்கவே இல்லை. இரண்டும் இருக்கட்டும் என்றுதான் கேட்டது. நான் "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எட்டு மணிக்குள் சீட்டு வாங்கியிருப்பார்கள்.

நான் சொன்னது வேறு. "ரெண்டு பேர் கை வச்சா நான் எழுத மாட்டேன். அங்க போறதுன்னா அங்கயே பாத்துக்கோ."

சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பின்னால் அவன் குரல் கேட்டது. "ஏய், வுடு. அவன் மொகத்த பாரு, கலீஜ் பண்ணாத. மூணே நாளு. நீ பஸ் புடிச்சி வேலைக்குப் போ."

அந்தப் பெண் பையை அவனிடம் கொடுத்தது. போய்விட்டது.

பழுது பார்க்கக் காத்திருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு சந்து உண்டு. நிழலாக இருக்கும். அங்கே முக்காலி போட்டு, கிழக்குப் பார்க்க உட்கார வைத்தேன். காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்தேன். கோழி இறகு தொட்டு எழுதினேன். எங்கள் வீட்டு வழக்கம், கொப்புளத்தின் மேல் ஒரு சிங்கம் எழுதுவது. வால் முதுகில், தலை விலாவில். அதற்கு முன்னும் பின்னும் கோடு கிழிப்போம். அக்கி உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆபத்து என்பார்கள். அதனால் வேலி மாதிரி அந்தக் கோடு.

இறகு பட்ட இடமெல்லாம் துள்ளினான். "டேய், சிங்கம் கடிச்சிகினு கீதுடா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி நம்பர் எழுதுகிற மாதிரியே கவனமாக எழுதினேன். இதைவிட நன்றாக நான் எழுதியதே இல்லை. அதுவும் உண்மை.

குளிக்கக் கூடாது என்றேன். தாளித்தது கூடாது, மீன் கூடாது, வெயிலில் போகக் கூடாது. ஒத்துக்கொண்டான். கத்திரி வெயிலில், தகரத்துக்கு நடுவில், குளிக்காமல் இருந்தான்.

இரண்டாம் நாள் கொப்புளம் கூடியது. நான் கிழித்த கோட்டைத் தாண்டி இரண்டு கொத்து வந்திருந்தது. கோட்டைத் தள்ளிப் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. முதுகில்தானே, அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் பேச்சு குறைந்துவிட்டது. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. உடம்பு லேசாகக் கொதித்தது. சட்டை போட முடியாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தத் துண்டு காற்றில் ஆடி விலாவில் பட்டால் பல்லைக் கடித்தான்.

"மாமு, இது போவுமா?"

"போய்க்கினு கீது. போறப்போ இப்படித்தான் வலிக்கும்."

எங்கே இருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் கேட்டான், என் வாய் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறாவது எழுத்தை எழுதி முடித்தேன். மூன்று நாள் முடிந்தது. என் வேலை முடிந்தது என்று கை கழுவினேன்.

மறுநாள் அவன் யார்டுக்கு வரவில்லை. என்னிடம் சொல்லாமல் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. எழுத்தை அவமதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எப்படிப்பட்ட ஆள் நான் பாருங்கள்.

அதற்கும் மறுநாள் லீவு சீட்டு கொடுக்க அந்தப் பெண் யார்டு கேட்டுக்கு வந்தது. என்னைப் பார்த்து நின்றது.

"நீ எழுதினத தொடைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. பஞ்ச நனைச்சி நனைச்சி தொடைச்சாங்க. தொடைக்கத் தொடைக்க அந்த மனுஷன் அழுவுறாரு. எப்போ வந்துச்சின்னு டாக்டரம்மா கேட்டுச்சு. ஞாயித்துக்கெழமன்னேன். திங்கக்கெழமயே வந்திருக்கலாமேம்மான்னுச்சு. நா இன்னா சொல்றது? கெளம்பிதான் வந்தோம், வழியில ஒரு சிங்கம் நின்னுச்சுன்னு சொல்லவா?"

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தப் பெண் என்னோடு பேசவில்லை.

மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினம் ஐந்து வேளை. புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்ததால் தாமதமானாலும் கொடுத்துப் பார்ப்போம் என்றார்களாம். மூன்று வாரத்தில் எல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. வேலைக்கு வந்தான். நானும் மனதுக்குள், எழுதினது வீண் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

வெல்டர்கள் நெஞ்சுக்குத் தோல் அங்கி மாட்டுவார்கள். கெட்டியாக, கனமாக இருக்கும். பொறி உள்ளே போகாமல் இருக்க அது வேண்டும். அவன் எடுத்து மாட்டினான். முடிச்சுப் போடக் கை பின்னால் போனது. அப்படியே குனிந்துவிட்டான். அங்கியைக் கழற்றிக் கீழே போட்டான். கொப்புளம் இருந்த இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் நிறம்தான் மாறியிருந்தது. ஆனால் உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

"என்னையே எவனோ வெல்டு அடிக்கிற மாதிரி கீது மாமு" என்றான். "தகடு மட்டும் ஒட்ட மாட்டேங்குது."

ஒரு மாதம் பார்த்தான். மூன்று மாதம் பார்த்தான். ஆறு மாதம் ஆனது. வலி நிற்கவில்லை. கையால் அமுக்கினால்கூடத் தாங்கிக்கொள்வான். மெல்லிசாகத் துணி உரசினால் தாங்க மாட்டான். அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வலது பக்கம் சட்டையை இரண்டு விரலால் கிள்ளி, விலாவில் படாமல் வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்வான். நடக்கும்போதும் அப்படித்தான், டீ குடிக்கும்போதும் அப்படித்தான்.

நரம்பு வலிக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கம் வரவழைக்கும். தூக்கக் கலக்கத்தில் ஏணியில் ஏறி வெல்டிங் அடிக்க முடியுமா? மேனேஜர் அவனைக் கேட்டில் உட்கார வைத்தார். உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. அவன் தகடு வைத்த பெட்டியில் நான் நம்பர் எழுதியது போய், நான் நம்பர் எழுதிய பெட்டியை லாரி வெளியே கொண்டு போகும்போது அவன் சரி பார்க்கிறான் என்று ஆனது.

ஒரு நாள் நானே கேட்டேன், ஆஸ்பத்திரிக்கு நானும் வரட்டுமா என்று.

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"டாக்டரம்மாவுக்கு அக்கி எதுனா கீதா? எழுதப் போறியா?"

இரண்டு பேரும் போனோம். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். அவனைப் பார்த்து முடித்ததும் நான் கேட்டேன். காவி எழுதியது நான்தான் என்று முதலில் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தது.

"திட்டுவேன்னு பாக்கறீங்களா? தினம் ரெண்டு பேரு காவியோடதான் வர்றாங்க. கேளுங்க."

"மூணு நாளு நான் புடிச்சி வச்சிட்டேன். அன்னிக்கே வந்திருந்தா இந்த வலி நின்னிருக்குமா?"

அந்த அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னது. சின்ன வயதில் அம்மை போட்டவர்களுக்கு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாதாம். நரம்பில் தூங்கிக்கொண்டிருக்குமாம். வயதாகி உடம்பு அசந்தால் எழுந்துகொள்ளுமாம். அதுதான் அக்கி. கொப்புளம் வந்த மூன்று நாளைக்குள் மாத்திரையை ஆரம்பிப்பது நல்லது. கொப்புளம் சீக்கிரம் காயும், அப்போதைய வலி குறையும்.

"ஆனா அப்புறமா தங்கற வலி இருக்கே, அது வேற. சீக்கிரம் குடுத்தா அதுவும் வராதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. முதல் நாளே மாத்திரை போட்டவங்களுக்கும் தங்கியிருக்கு. போடாமலே சரியானவங்களும் இருக்காங்க. வயசு ஜாஸ்தின்னா, ஆரம்பத்துல வலி ஜாஸ்தின்னா, தங்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இவருக்கு ரெண்டும் இருந்தது."

"அப்ப என் மேல தப்பு இல்லையா?"

"அப்படிச் சொல்லல. அவருக்கு இருந்த நல்ல நேரம் அந்த மூணு நாள்தான். அதுல கொடுத்துப் பாத்திருக்கணும். கேட்டிருக்குமா கேட்டிருக்காதான்னு இனிமே யாருக்கும் தெரியாது."

வெளியே வந்தோம். எதிரே டீக்கடை. அவன் இரண்டு டீ சொன்னான். இடது கையில் டம்ளர், வலது கை சட்டையில்.

"வுடு மாமு" என்றான். "டாக்டரே தெரியாதுன்டாங்க. அப்பால நீ இன்னாத்துக்கு பேஜாரா மூஞ்ச வச்சிகினு கீற?"

அவனுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இல்லை. ஆமாம், உன்னால்தான் என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் தலையில் ஏற்றிக்கொண்டு சுமந்திருப்பேன். உன்னால் இல்லை என்றிருந்தால் இறக்கி வைத்திருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். நான் எழுதியவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன். எல்லோரையும் முடியாது. ஞாபகம் இருந்தவர்களை மட்டும். அதில் காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அக்கா. அதற்கு நான் எழுதி ஏழெட்டு வருடம் இருக்கும். கூடையை வைத்துக்கொண்டு வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அன்னிக்கு அக்கி எழுதினேனே, அப்பால எப்படி கீது?"

"காஞ்சி போச்சிபா. ஆனா முதுவுல இன்னும் எறும்பு கடிக்கிற மாதிரிதான் கீது. ரவிக்க போட்டா ஆவாது. பழைய நைட்டிய போட்டுகினு ஓட்டறேன்."

"ஏங்கா என்னாண்ட சொல்லல?"

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. "உன்னாண்ட சொன்னா இன்னா பண்ணுவ, திரும்ப பொம்ம போடுவியா? காஞ்சா வெத்தல பாக்கு வச்சி கும்புடணும்னாங்க, கும்புட்டேன். வலிச்சா யாராண்ட போவணும்னு யாரும் சொல்லல. மீன் வாங்கறியா, இல்ல நகந்து நிக்கிறியா? வியாபார நேரம்."

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது. காய்ந்தவர்கள் எல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்து கும்பிட்டார்கள். அதை மட்டும்தான் நான் பார்த்தேன். நான் எழுதாவிட்டாலும் அது தானாகக் காயும் என்று எனக்குத் தெரியாது. காய்ந்த பிறகு உள்ளே எரிந்தவர்கள் திரும்பி வந்து என்னிடம் சொன்னதில்லை. அப்பாவிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவும் என்னைப் போலத்தான் கும்பிட்டவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

அடுத்த வருடம் அவன் மகளுக்குக் கல்யாணம். ராயபுரத்தில் அவர்கள் கோயிலிலேயே. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவன் கோட்டு போட்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்ததாம். போடாமல் இருக்க முடியாது. மகள் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவன் வலது கை கோட்டுக்குள் இருந்தது. வாசலில் இருந்து பீடம் வரைக்கும் அப்படியே நடந்தான். பார்த்தவர்கள் ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு ஆள் "தொர மாரி வர்றாரு பாரு" என்று சிரித்தார். எனக்கு மட்டும் தெரியும், உள்ளே இரண்டு விரல் சட்டையைக் கிள்ளிப் பிடித்திருக்கிறது என்று.

சாப்பாட்டுப் பந்தியில் அவன் சம்சாரம் வந்தது. என் இலையில் பிரியாணி வைத்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"போட்டோ எல்லாத்துலயும் அந்தக் கை உள்ளதான் கீது" என்றது. "பொண்ணு கேக்குது, ஒரு போட்டோலயாவது ரெண்டு கையும் தெரியட்டும்பான்னு. ஒரே ஒரு தபா வெளிய எடுத்தாரு. அந்த போட்டோல மொகம் சரியா வரல."

இன்னொரு கரண்டி வைத்தது.

"சாப்டுண்ணா. ஆறிடும்."

மன்னிப்பா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாப்பிட்டேன்.

இப்போதும் அக்கி வந்தால் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எழுதுவதை விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். காவிக்கல்லைத் துணியில் சுற்றி மேலே போட்டும் விட்டேன். அப்போது அவன்தான் சொன்னான். "நீ இல்லன்னா வேற ஒருத்தன் வூட்டுக்குப் போவாங்க. அவனும் உன்ன மாதிரியே பேசுவான். நீயே இரு. இருந்துகினு துரத்து."

அதனால் இருக்கிறேன். வருகிறவர்களை யார்டு கேட்டில் அவனே நிறுத்துகிறான்.

போன மாதம் பெரம்பூரில் இருந்து ஒரு ஆள் வந்தார். தோளில் அக்கி. காலையில்தான் பார்த்தாராம். நான் உள்ளே பெட்டி மேல் நின்று நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கேட் தெரியும், பேச்சும் கேட்டது.

"அக்கி எழுதறவரு இங்கதானே?"

"இங்கதான். ஆஸ்பத்திரி சீட்டு எங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போகலீங்க. ஊசி போட்டா உள்ள அமுங்கிடும்னாங்க."

"எவன் சொன்னான்?"

"பொதுவா சொல்றதுதாங்க."

"அப்படி சொன்னவன் உள்ளதான் கீறான். அவனே இப்போ சீட்டு இல்லாம கல்ல தொட மாட்டான். இன்னிக்கே போ. மாத்திர வாங்கு, மொத மாத்திரய முழுங்கு, சீட்ட எடுத்துகினு வா. அப்பால உனுக்கு சிங்கம் வேணுமா புலி வேணுமா, எழுதச் சொல்றேன்."

அந்த ஆள் தயங்கினார். "ஒரே ஒரு தடவ எழுதிகினு போறேங்க. மாத்திரைக்கு நாளைக்குப் போறேன்."

"நானும் மொதல்ல எழுதிகினவன்தான், பாரு" என்றான். வழக்கமாகச் சட்டையைப் பிடித்திருக்கும் கையை எடுத்தான். சட்டை விலாவில் விழுந்தது. அவன் முகம் போன போக்கை அந்த ஆள் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

சாயங்காலம் சீட்டோடு வந்தார். படித்துப் பார்க்க எனக்கு வராது. மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். குறைந்திருந்தது. எழுதினேன்.

அவருக்கு வலி தங்குமா, போய்விடுமா, எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. என் சிநேகிதனிடம் இருந்து நான் பிடித்து வைத்துக்கொண்ட மூன்று நாள், இனி வருகிறவர்களுக்காவது அவரவர் கையிலேயே இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முதலில் சீட்டைக் கேட்கிறேன். கேட்டுவிட்டுத் திரும்பினால், கேட்டில் இரண்டு விரலால் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான்.